கொழும்பில் வீடு வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் விலை–வாடகை விகிதத்தைப் பார்க்க வேண்டும். வீட்டின் விலை எத்தனை வருட வாடகைக்குச் சமம் என்பதே அது. விலை 3 கோடி ரூபாய், மாத வாடகை 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 25. விலையில் காணியின் எதிர்கால மதிப்பும் சேர்ந்திருக்கிறது, வாடகையோ இன்று குடியிருப்பதற்கு மட்டும். அந்த விலையில் 2 கோடியை வங்கியில் 10 வீத வட்டிக்குக் கடனாக எடுத்தால் முதல் வருட வட்டியே 20 லட்சத்தை நெருங்கும். வீட்டின் உறுதி முடிக்க அரசுக்குக் கட்டும் வரியான முத்திரைத் தீர்வை ஏறக்குறைய 12 லட்சம், ஒரு வருட வாடகை! நான்கைந்து வருடத்தில் ஊர் திரும்புகிறவருக்கு இந்தச் சுமை எதற்கு? புறாத்தீவைப் பார்க்க நிலாவெளியில் படகை வாடகைக்குத்தான் எடுக்கிறோம். நாள்தோறும் வலை வீசுகிறவரே படகு வாங்குகிறார். வாடகைப் பணம் வீண் என்பார்கள். வங்கிக்குக் கட்டும் வட்டியும் திரும்பி வருவதில்லை.