11 வருடமாக ஈ ஓட்டுகிறேன்

கேள்வி: பழ ஈயை வைத்து செல் சமிக்ஞை ஆராய்ச்சி செய்பவர்களின் வேலை எப்படி இருக்கும்? வருடக்கணக்கில் ஒரே ஈயைப் பார்ப்பது சலிக்காதா?

வேலைவெட்டி இல்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். எனக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. பெங்களூரில் பிஎச்டி சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 11 வருடம். வாழைப்பழத் தோலைச் சுற்றுமே, எள்ளளவில் சிவப்புக் கண்ணோடு, அதே ஈ.

ஈயைப் பார்த்துச் சலிப்பு வந்ததில்லை, ஈயின் கடிகாரத்துக்கு நாம் வாழ்வதில்தான் வரும். 25 டிகிரியில் முட்டை 10 நாளில் ஈயாகிவிடும். கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ சுமார் 8 மணி நேரம் இணை சேராது, அதற்குள் அதைப் பிரித்து எடுத்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை சேர்ந்துவிட்டால் அந்த விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முட்டையிடும், அப்புறம் நீங்கள் எந்த ஆணோடு விட்டாலும் பிறப்பது யார் பிள்ளை என்று சொல்ல முடியாது. தீபாவளி, பொங்கல் எல்லாம் ஈக்குத் தெரியாது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் 18 டிகிரி பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவோம், வளர்ச்சி ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறங்கும்.

இரண்டாம் வருடம் ஒரு குப்பியில் ஈரச் சாப்பாட்டில் ஒட்டிக் கிடந்த ஓர் ஆண் ஈயை நான் கவனிக்கவில்லை. மூன்று தலைமுறை தாண்டி இறக்கைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வந்தபோதுதான் தெரிந்தது. ஒன்றரை மாதம் போச்சு. தப்பு என்னுடையது, வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

இன்னொன்று, சாதாரண ஆய்வகத்தில் ஈக்களை உறைய வைத்துச் சேமிக்க வழியில்லை. ஒவ்வொரு வகையையும் சில வாரத்துக்கு ஒருமுறை புதுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரபியல் விஞ்ஞானி மார்கன் 1910-ல் நியூயார்க்கில் கண்டுபிடித்த வெள்ளைக்கண் ஈயின் வம்சம் இப்படித்தான் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சின்னக் குப்பிக்கு எங்கள் பேச்சில் வயல் (ஆங்கில vial) என்று பெயர். அம்மாவிடம் போனில் "வயல் மாத்தணும், அப்புறம் பேசறேன்" என்றேன். "நம்ம வயலுக்கே ஆள் கிடைக்கல, நீ யார் வயலுக்குடா போற?" என்றார்.

காசு விஷயம்: பிஎச்டி ஆய்வாளர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. பிஎச்டிக்கு ஐந்தாறு வருடம், அப்புறம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை. நிரந்தர வேலைகள் குறைவு, வரிசை நீளம். வீட்டில் உடனே சம்பளம் எதிர்பார்த்தால் யோசித்து வாருங்கள்.

சரி, சமிக்ஞைக்கு வருகிறேன், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வது. நான் பார்ப்பது நாட்ச் என்ற புரதம். 1910-களில் இறக்கை நுனி எலி கடித்தது மாதிரி இருந்த ஈக்களைப் பார்த்து வைத்த பெயர், நாட்ச் என்றால் ஆங்கிலத்தில் வெட்டு. ஒரு செல்லின் மேல் டெல்டா என்ற இன்னொரு புரதம், பக்கத்துச் செல்லின் மேல் நாட்ச். இரண்டும் தொட்டதும் டெல்டா செல் பிடித்து இழுக்கும், நாட்ச் வெட்டுப்படும், உள்பக்கத் துண்டு நேரே செல்லின் உட்கருவுக்குள் போய் ஜீன்களை இயக்கும். நடுவில் தூதன் கிடையாது. கடிதத்தை வாங்கிய ஆளே கடிதமாகி உள்ளே போகிற கதை. இந்த ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்று கெட்டாலே இறக்கையில் வெட்டு விழுந்துவிடும், அவ்வளவு கறாரான அளவு. நமக்கும் இதே குடும்பத்து ஜீன்கள் உண்டு. டி-செல் என்ற வெள்ளையணு வகையில் வரும் ரத்தப் புற்றுநோயில் பாதிப் பேருக்கு மேல் நாட்ச்-1 ஜீனில் மாற்றம் இருப்பது 2004-ல் தெரியவந்தது.

பார்ப்பது எப்படி? ஈயாகும் முன் இருக்கும் புழுவை இரண்டு இடுக்கியால் பிடித்துப் பாதியாக்கி, சாக்ஸைத் திருப்புகிற மாதிரி உள்பக்கத்தை வெளியே திருப்பினால், மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு சின்னத் தட்டு தெரியும். அதுதான் பின்னால் இறக்கையாகப் போகிறது. சாயம் ஏற்றி கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நடுவில் ஒரு கோடு ஒளிரும், நாட்ச் சொல்லி உருவான விங்லெஸ் என்ற வேறொரு புரதம் அது. நாட்சைக் குறைத்த இடத்தில் கோடு விட்டுப்போயிருக்கும், வளர்ந்த ஈயில் அதே ஓரத்தில்தான் இறக்கை வெட்டுப்பட்டிருக்கும்.

அதை முதன்முதலாக நானே பார்த்தபோது ராத்திரி 1 மணி. காட்ட ஆளில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டேன், கிருஷ்ணகிரிக்காரர். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கோலத்துல நடுவுல அழிஞ்சிருக்கே சார், யாரோ மிதிச்சுட்டாங்க" என்றார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க, மிதித்தது யார் என்பதுதான்.