மாத மளிகைச் செலவைக் குறைக்க உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

விலை குறைந்த கடையைத் தேடி அலைவதைவிட, வாங்கியது குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாலே கையில் காசு நிற்கும். எங்கள் வீட்டில் டப்பாக்களைத் திறந்து பார்க்காமல் மளிகைச் சீட்டு எழுதுவதில்லை. உழவர் சந்தையில் காய் மலிவாகக் கிடைக்கிறதே என்று பையை நிரப்புவதும் இல்லை. கீரையும் வெண்டைக்காயும் முதல் இரண்டு நாளில் தீர்ந்துவிட வேண்டும். சேனையும் பூசணியும் வாரக் கடைசி வரை தாங்கும்.

பீர்க்கங்காய் வாங்கினால் கூட்டும் ஆச்சு, துவையலும் ஆச்சு. முற்றிய நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், துளி புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் சுடுசோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். நறுக்கும்போதே ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. வாழைக்காய்த் தோல், முள்ளங்கிக் கீரை, தர்பூசணியின் வெள்ளைச் சதை எல்லாமே சமையலுக்கு ஆகும்.

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைக்கிறோம். மிளகாயும் மல்லியும் அப்படித்தான். ரவை, கோதுமை மாவை மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், வண்டு வந்துவிடும்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி கார்டு இருந்தும் கௌரவம் பார்த்து வாங்காமல் விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். வெளியே அதே பருப்புக்கு மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கிறோமே!

இட்லி மாவு முதலில் இட்லிக்கு, அப்புறம் தோசைக்கு. புளித்துவிட்டால் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டிப் பணியாரம். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைச் சாப்பாட்டுக்குத் தனிச் செலவே இல்லை.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன் என்று பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள், உடம்புக்குக் கெடுதல். அப்பளத்துக்கென்று குட்டி இரும்புச் சட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பளத்தை நாலாக உடைத்துப் போட்டால் இரண்டு கரண்டி எண்ணெயிலேயே பொரிந்துவிடும். மீதியை மறுநாள் தாளிப்பில் தீர்த்துவிடலாம்.