வெளிநாட்டு வாடகை வீடு: முகவர் கமிஷன் யாருடைய பொறுப்பு?

கேள்வி: சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துள்ள என் மகன் வாடகை வீடு தேடுகிறான். முகவர் கமிஷனைக் குடிபோகிறவர்தான் தர வேண்டும் என்று துபாயில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். அது சரியா? - வாசகர், கீழக்கரை

பதில்: தங்கள் மைத்துனர் சொல்வது துபாய்க்குப் பொருந்தும், அங்கே ஆண்டு வாடகையில் ஏறத்தாழ 5 சதவீதத்தைக் குடிவருபவரே தருவது வழக்கம். சிங்கப்பூரிலோ அரசு நிர்ணயித்த விகிதம் எதுவும் இல்லை. யார் முகவரை அமர்த்திக்கொள்கிறாரோ அவரே கமிஷன் தருவது பொது நடைமுறை. ஒரே வாடகை ஒப்பந்தத்தில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் பணியாற்றுவதை அந்நாட்டு விதிகள் தடைசெய்வதால், வீட்டு உரிமையாளரின் முகவர் தங்கள் மகனிடமும் கமிஷன் கேட்டால் அவர் தயங்காமல் மறுக்கலாம். (கேட்பவர் நம் ஊர்க்காரராக இருந்துவிட்டால்தான் சங்கடம்!) தனக்கென ஒரு முகவரை அவர் அமர்த்துவதானால், முகவரின் பதிவு எண்ணை அரசின் இணையப் பதிவேட்டில் சரிபார்த்து, தொகையை முன்கூட்டியே எழுத்தில் பெறட்டும். ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை தனிச் செலவு. அதைக் குடியிருப்பவரே செலுத்த வேண்டும்.