38 குட்டிகளின் தாய்

கேள்வி: டைனோசர் காலத்தில் பாலூட்டிகளும் அவற்றின் உறவுக்காரர்களும் பூச்சி தின்று பிழைத்தவை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். இலை தழை தின்றது ஒன்றுகூடவா இல்லை?

பதில்: மாட்டிக்கொண்டேன். அவசரத்தில் ஒரு குடும்பத்தையே விட்டுவிட்டேன், அதுவும் எனக்குப் பிடித்த குடும்பத்தை. டிரைடைலோடான்ட்டுகள் என்று பெயர். மேல் கடைவாய்ப்பல்லில் மூன்று வரிசை முகடுகள், கீழ்ப்பல்லில் இரண்டு. கீழ் வரிசைகள் மேலே உள்ள பள்ளங்களில் போய் உட்காரும். தாடையைப் பின்னுக்கு இழுத்து இழுத்துத் தழையை அரைக்கும். கோரைப்பல் கிடையாது. முன்னால் அணிலுக்கு இருப்பதுபோல் பெரிய வெட்டுப்பற்கள், அப்புறம் ஒரு வெற்றிடம். 1884-ல் பெயர்பெற்ற பிரிட்டிஷ் உடற்கூற்றியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் இந்தக் குடும்பத்தின் டிரைடைலோடானைப் பாலூட்டி என்றே எழுதிவிட்டார். அவரே சறுக்கிய இடம் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

பாலூட்டி இல்லை என்பதைத் தாடை காட்டிக்கொடுத்தது. நம் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளில் இரண்டு, இவற்றுக்கு இன்னும் தாடை மூட்டில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

குடும்பத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: கயென்டாதீரியம். சின்ன நாய் அளவு. சுமார் 18.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்றை அமெரிக்காவின் அரிசோனாவில் 2000-ல் தொல்லுயிர் ஆய்வாளர் திமோதி ரோவ் குழுவினர் கல்லோடு பெயர்த்து எடுத்து வந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு மாணவரின் கண்ணில் பல் எனாமல் துணுக்கு ஒன்று பட்டது. சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தால், தாயோடு குறைந்தது 38 குட்டிகள்! மண்டை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். முட்டைக்குள்ளேயே இருந்தவையாகவோ அப்போதுதான் பொரிந்தவையாகவோ இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

எண்ணிக்கையைவிட என்னை அசத்தியது அந்த மண்டைகளின் வடிவம். நம் குழந்தைகளுக்குப் பிறக்கும்போது தலை பெருத்து, முகம் சின்னதாக இருக்கும். இவற்றுக்கோ, தாயின் மண்டையை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி இருந்தது. 2018-ல் ஈவா ஹாஃப்மனும் ரோவும் வெளியிட்ட கட்டுரை இதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறது: பாலூட்டி வம்சத்தில் மூளை பெரிதாகத் தொடங்கியது இவற்றுக்குப் பிறகுதான், அதற்கு விலையாகக் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது என்று. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ்கூட இன்று ஒரு தடவைக்கு இரண்டு முட்டையோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறது.