சுற்றுலாவைக் குறைப்பதா, புத்தகத்தையும் சினிமாவையும் விடுவதா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 19,000. ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகள் இருவரோடு வெளியூர் செல்வது வழக்கம். சென்ற மே மாதம் மைசூர், குடகு செல்வதற்காக ஏப்ரலில் 14% வட்டிக்கு 90,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினோம். வரும் ஏப்ரலில் அது முடியும். சினிமாவுக்கு 3,000, புத்தகங்களுக்கு 1,200, ஓடிடி சந்தாவுக்கு 800 என மாதம் 5,000 ரூபாய் ஆகிறது. போன இடங்கள், படித்த புத்தகங்கள், பார்த்த படங்கள் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். புத்தகத்தையும் சினிமாவையும் நிறுத்தினாலே சுற்றுலாச் செலவு வந்துவிடும் என்றும், விமான டிக்கெட்டைக் காட்டி வரியும் மிச்சப்படுத்தலாம் என்றும் கணவர் சொல்கிறார். அது சரியா? சேமிப்பாக 40,000 ரூபாய் மட்டுமே இருக்கிறது.

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மாதம் 5,000 ரூபாயை முழுவதுமாக நிறுத்தினாலும் ஆண்டுக்கு 60,000 ரூபாய்தான் சேரும். 90,000 ரூபாய்ச் சுற்றுலாவுக்கு அது போதாது. அதற்காக வீட்டில் ஒருவர் பன்னிரண்டு மாதமும் புத்தகம் வாங்காமல் இருக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகவும் படவில்லை. உங்கள் குடும்பத்துக்குச் சுமையாக இருப்பது சுற்றுலா அல்ல. போய் வந்த பிறகு அதற்குப் பணம் கட்டும் முறைதான்.

14% வட்டியில் 90,000 ரூபாய்க்கு ஓராண்டுத் தவணை மாதம் சுமார் 8,080 ரூபாய். மொத்தத்தில் ஏறத்தாழ 97,000 ரூபாய் கட்டுகிறீர்கள். பரிசீலனைக் கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் தனி. அதே 90,000 ரூபாயை 6.5% வட்டி தரும் வங்கித் தொடர் வைப்பில் முன்கூட்டியே சேர்த்திருந்தால், மாதம் சுமார் 7,250 ரூபாய் போட்டிருந்தாலே போதும். ஊரும் அறையும் சாப்பாடும் மாறாமலே, ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு அருகில் வித்தியாசம் வருகிறது. உங்கள் புத்தகச் செலவு ஆண்டுக்கு 14,400 ரூபாய்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கடனிலிருந்து சேமிப்புக்கு மாறும் அந்த ஓராண்டுதான் கடினமானது. ஏப்ரல்வரை தவணை ஓடுவதால் வரும் மே மாதத்துக்கு உங்களிடம் பணம் சேர்ந்திருக்காது; இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் மீண்டும் கடனுக்குப் போகின்றன. ஆகவே இந்த ஒரு மே மாதத்தை மட்டும் சிறிய பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கொடைக்கானலில் அறை வாடகை ஏறியிருக்கும். 2024 முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. ராமேசுவரம், தனுஷ்கோடிக்கு ரயிலில் இரண்டு நாள் சென்று வந்தால் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தைக் கடப்பது பிள்ளைகளுக்குக் குடகுக்கு இணையான வேடிக்கையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடன் முடிந்ததும், அந்த 8,080 ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துவிடாமல், மே மாதமே பத்து மாதத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். பன்னிரண்டு மாதம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே பணம் கையில் இருக்க வேண்டும். வைப்பு மே மாதம்தான் முதிரும் என்றால் டிக்கெட்டையும் அறையையும் கிரெடிட் கார்டில் போடுவீர்கள். பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் பல கார்டுகளில் மாதத்துக்கே 3% முதல் 4% வரை வட்டி. பத்து மாதத்தில் வட்டியோடு சுமார் 83,000 ரூபாய் வரும். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவின் எல்லை அதுவே.

இனி, உங்கள் நோட்டு. நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருந்தாலும், என்னைப் போன்ற ஆலோசகர்கள் கேட்டும் கிடைக்காத ஆவணம் அது. எந்தச் செலவு மகிழ்ச்சி தந்தது என்பதைப் பலரால் ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடிவதில்லை. நீங்கள் அன்றன்றே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் அதற்கான செலவை எழுதுங்கள். குடகுப் பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் துபாரே யானை முகாமும் மழையும்தான், தங்கிய விடுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், அடுத்த முறை அறை வாடகையைத் தாராளமாகக் குறைக்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினால் 18% என்பதையும் அறை பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

சினிமாவுக்கும் இதே முறைதான். மாதம் 3,000 ரூபாயில் டிக்கெட் எவ்வளவு, இணைய முன்பதிவுக் கட்டணம், பாப்கார்ன், குளிர்பானம், வண்டி நிறுத்தும் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பாதியாவது படத்தோடு சம்பந்தமில்லாத செலவாக இருக்கும். பார்வையாளர்களுக்குத் திரையரங்குகள் குடிநீரை இலவசமாகவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியிருக்கிறது. கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். எல்லாப் படத்துக்கும் நால்வரும் போகத்தான் வேண்டுமா என்பதையும் உங்கள் நோட்டே சொல்லும். ஓடிடியில் ஒரு நேரத்தில் ஒரு சந்தா மட்டும் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். இவற்றில் மாதம் 2,000 ரூபாய் மிச்சமாகும் என்று நம்புகிறேன். இப்போதிலிருந்து சேர்த்து வந்தால் ராமேசுவரப் பயணத்துக்கு அதுவே பெரும்பாலும் ஈடுகட்டும்.

புத்தகச் செலவில் நான் கை வைக்க மாட்டேன். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சொந்த வீடு இருப்பதால் சொத்து வரியோடு நூலக வரியும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே கிளை நூலகத்தில் உறுப்பினராகி, ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றும் நூல்களை அங்கே எடுங்கள். 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கென அங்கே தனிப் பகுதியும் உண்டு.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அந்த 40,000 ரூபாய். மாதச் செலவு 60,000-ஐத் தொடும் குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதச் செலவு கையிருப்பாக வேண்டும். தீபாவளி போனஸ் வந்தால் முழுவதையும், மே மாதத்துக்குப் பிறகு மிச்சமாகும் 2,000 ரூபாயையும் அதற்கே ஒதுக்குங்கள். எவ்வளவு நல்ல பேக்கேஜ் வந்தாலும் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கணவரின் வரி யோசனை. விடுப்பில் ஊருக்குச் சென்று வர நிறுவனம் தரும் விடுப்புப் பயணச் சலுகைக்கான வரி விலக்கு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அதுவும் நான்கு ஆண்டுத் தொகுப்பில் இரண்டு பயணங்களுக்கு, உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. நீங்கள் சொல்லும் தொகையைப் பார்த்தால் அவருடைய ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்துக்குள்தான் இருக்கும். புதிய வரி முறையில் அவருக்கு வருமான வரியே வராது. இல்லாத வரியை மிச்சப்படுத்த விமான டிக்கெட் எடுப்பதைவிட, மார்ச்சில் முன்பதிவு திறக்கும் நாளிலேயே ரயிலில் நான்கு இடம் பிடித்துவிடச் சொல்லுங்கள்.