ஐடிஐ விண்ணப்பமும் தண்டல்காரரும்

கேள்வி: அக்கா, வியாசர்பாடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். மகனை ஐடிஐ-யில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் நிரப்பவில்லை. வேளச்சேரியில் இருக்கும் என் அண்ணன், "இதனாலதான் வட சென்னை இப்படியே கிடக்குது. முன்னேறணும்ங்கிற மனசே உங்களுக்கு இல்ல" என்கிறார். ஓர் ஏரியா பின்தங்க அங்குள்ளவர்களின் மனசுதான் காரணமா?
- ஒரு வாசகி

பதில்: மனசுக்குப் பங்கு உண்டு, தங்கச்சி. ஆனால் அண்ணன் சொல்கிற மாதிரி இல்லை.

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியற்காலை ஏலத்துக்குத் தண்டல்காரரிடம்தான் கடன். 100 ரூபாய் கேட்டால் கையில் 90 வரும். சாயங்காலம் முழு 100-ஐ வைக்க வேண்டும். கூடையைப் பார்த்த மாத்திரத்தில் சங்கரா எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார், கணக்கில் அவ்வளவு கெட்டி. அதே அம்மா, எட்டாவது படித்த என் உதவித்தொகை விண்ணப்பத்தைச் சுருக்குப்பையில் வைத்து மூன்று வாரம் மறந்தே போனார். கடைசி நாள் தாண்டிய பிறகு எடுத்தால், வெற்றிலைக் கறையும் மீன் வாடையுமாக இருந்தது. "நெனப்புலயே இல்லமே" என்றார். அக்கறை இல்லாதவள் என்று கத்தினேன்.

2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உட்பட நால்வர் எழுதியது. ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்புக் கிராமங்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு தரம்தான். வெட்டுக்கு முன் நகை அடகில் இருக்கும். பணம் வந்ததும் மூச்சு விடலாம். 464 விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் புதிர்கள் கொடுத்தார்கள், விடுபட்ட கட்டத்தில் எந்த உருவம் பொருந்தும் என்கிற மாதிரி. அதே ஆள், அதே மூளை. ஆனால் பணமுடை நேரத்தில் பிசகு அதிகம். சாயங்காலத்து 100 ரூபாய் தலைக்குள் உட்கார்ந்திருந்தால் விண்ணப்பத்துக்கு இடம் ஏது?

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் கூலிக்காரர்களிடம் இன்னொரு சோதனை. கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். அதிகக் கஷ்டத்தில் இருந்தவர்கள் கூடுதல் தட்டு தைத்தார்கள், தப்பும் குறைந்தது. புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை, காசுதான் கொடுத்தார்கள்.

சரி, ஓர் ஊருக்கே ஒரு மனசு உண்டா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு காலத்தில் நிலக்கரியை நம்பிய பெருந்தொழில்கள் கோலோச்சிய பகுதிகளில், இன்றும் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதல் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 4 லட்சம் பேரின் பதில்களை வைத்துச் சொன்னது. தெம்புள்ளவர்கள் ஊரைவிட்டுப் போனதும் ஒரு காரணமாக இருக்கலாமாம். (உங்கள் அண்ணன் வேளச்சேரிக்குப் போனார் இல்லையா? இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.)

நம் பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடியது. "மறுபடி திறப்பாங்க" என்று அதன்பிறகும் டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அப்பாவும் மில், பிள்ளையும் மில் என்று வாழ்ந்த குடும்பம். சங்கு ஊதாத வேலை அவருக்கு வேலையே இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகவில்லைதான். அதைச் சோம்பல் என்று நான் எழுத மாட்டேன்.

அப்புறம், எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டுவதும் அநியாயம். மணலிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூருக்கு அனல்மின் சாம்பலும், கொடுங்கையூருக்குக் குப்பைமேடும் வந்தது நம் மனப்பான்மையாலா? கோயம்பேடு - ஆலந்தூர் மெட்ரோ 2015-லேயே ஓடியது. நம் வட சென்னையின் விம்கோ நகருக்கு வர 2021 ஆனது.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். ராத்திரி மாவு ஆட்டிவிட்டு உட்காராதீர்கள், கண்ணும் சொருகும், கணக்கும் ஓடும். தண்டல்காரர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையைச் சாத்திவிட்டு, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடைசித் தேதியைக் கல்லாப் பெட்டி மூடியில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வையுங்கள். அண்ணனுக்கு அவ்வளவு அக்கறை என்றால், அன்றைக்கு அவரையே வந்து கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியானால் சாத்தவும் வேண்டாம்.