பதினொரு முறை வாசித்தும் மாறாத கோபம்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 47. தினமும் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபித்து, அட்டவணைப்படி மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசிப்பேன். இப்படிப் பரிசுத்த வேதாகமத்தைப் பதினொரு முறை முழுவதும் வாசித்து முடித்து, ஆண்டிறுதி ஆராதனையில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனைக் காலை வேளையில் திட்டாத நாளே இல்லை. கேட்டால், "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழியைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிடுவேன். போன வாரம் நான் வாசித்து முடித்து எழுந்தபோது, அடுக்களையில் இருந்த என் இளைய மகள் அண்ணனிடம், "அப்பா பைபிளை மூடிட்டாங்க, சீக்கிரம் கிளம்பு" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அன்று முழுவதும் என்னால் அலுவலகத்தில் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. தேவனுடைய வார்த்தை ஜீவனும் வல்லமையும் உள்ளது என்று எபிரெயர் நிருபம் சொல்கிறதே, அந்த வல்லமை என்னிடத்தில் மட்டும் ஏன் செயல்படவில்லை?

இப்படிக்கு,
ஒரு தகப்பன்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. வேதாகமம் திறந்திருக்கும் வரை தங்களுக்குப் பாதுகாப்பு என்று உங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அவற்றை ஓராண்டில் முடிப்பது நல்ல ஒழுக்கமே. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அட்டவணை கையில் இருக்கும்போது மனம் முடிக்க வேண்டிய பக்கத்தின்மேல் இருக்குமே தவிர, வாசிக்கும் வரியின்மேல் இருக்காது. 119 ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் உங்களுக்கு ஒரே விடியற்காலையில் முடிந்துபோயிருக்கும். முடித்ததும் ஒரு நிறைவு வரும். "இன்றைய கடமையைச் செய்துவிட்டேன்" என்ற அந்த நிறைவே அடுத்த அரைமணி நேரத்தில் நம்மை நாமே கவனிக்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுவதை ஆலோசனைக்கு வருபவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாம் சங்கீதம் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. அங்கே தியானம் என்பதற்கு எபிரெய மொழியில் உள்ள வினைச்சொல் 'ஹாகா'. இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் உறுமுவதற்கு ஏசாயா 31 ஆம் அதிகாரத்தில் வருவதும் இதே சொல்தான். பிடித்த ஒன்றை விடாமல், வாய்க்குள்ளேயே வைத்து முணுமுணுத்துக்கொண்டிருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில், பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் ரோமர் 13 ஆம் அதிகாரத்தில் இரண்டே வசனங்களை வாசித்தார். அதற்குமேல் வாசிக்க விரும்பவில்லை, தேவையும் இருக்கவில்லை என்று பின்னர் எழுதினார். அவர் எந்தக் கட்டுக்குள் சிக்கியிருந்தாரோ அதையே அந்த வரிகள் தொட்டன. அதே மனிதர், ஆயரான பின்னும் தம்மைத் தொடரும் சோதனைகளை ஒளிக்காமல் அறிக்கையிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்; எல்லாம் ஒரே நாளில் மாறிவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு வேண்டாம்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரம்பு வசனம் உங்களுக்கு மனப்பாடம். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்ற கொலோசெயர் 3:21ஐயும் பதினொரு முறை கடந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அது வரவே இல்லை. நீங்கள் சுட்டிய எபிரெயர் வசனம் தேவ வார்த்தை எந்தப் பட்டயத்திலும் கருக்கானது என்றும், வாசிக்கிறவனின் இருதய நினைவுகளையே அது வகையறுக்கும் என்றும் சொல்கிறது. நீங்களோ அதன் கருக்கை மகன் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு மாதத்துக்கு அட்டவணையை மடித்து வையுங்கள். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141 ஆம் சங்கீத வரி ஒன்று போதும். காலையில் அதைச் சத்தமாக வாசியுங்கள். மகன் குளியலறையில் தாமதிக்கும்போதும், அவன் காலணியைத் தேடும்போதும் அதையே முணுமுணுங்கள். திட்டிவிட்ட நாளில், எந்த நிமிடத்தில் வாய் திறந்தது, அதற்குச் சற்று முன் மனதில் என்ன பயம் ஓடியது என்று இரவில் இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அவனுடைய மதிப்பெண்ணைப் பற்றிய பயம்தான் அங்கே இருக்கும் என்பது என் ஊகம். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஐந்து மணி நேரம்கூடத் தூங்காதவருக்கு எரிச்சல் வருவதில் ஆவிக்குரிய காரணம் தேட வேண்டியதில்லை. நீங்கள் மகன்மேல் கை ஓங்கியதுண்டு என்றால், கடிதத்தோடு நிறுத்தாமல் நேரில் ஓர் ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

இன்று இரவே மகளையும் மகனையும் அருகில் அழைத்து, "அன்றைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனால்" என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் நாக்கின் நுனிக்கு வரும்; அதை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்